20 மில்லி விநாடிக்கு ஒரு காரணம்

எங்கள் நிறுவனம் தயாரிக்கும் ஒரு தொடுதிரைக் கருவியில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் இயங்குகிறது. அந்தக் கெர்னலை வெளியானபடியே எடுத்துக்கொள்ள எங்களால் முடிவதில்லை. எங்கள் மின்சுற்றுப் பலகைக்கு ஏற்ற சில மாற்றங்கள், மூலத் திட்டத்தில் இன்னும் சேராத சில திருத்தங்கள், ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய இரண்டு வசதிகள் என எல்லாமாகச் சேர்த்து 43 பேட்சுகளை, அதாவது நிரலில் எந்த வரியை எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லும் கோப்புகளை, அதன்மேல் ஏற்றித்தான் பயன்படுத்தி வந்தோம். கெர்னலின் நீண்டகால ஆதரவு வரிசைகளில் 5.10 என்பதிலிருந்து 6.1 என்பதற்கு நாங்கள் மாறியபோது, அந்த 43 பேட்சுகளில் ஒன்று தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் குறை சொல்லவில்லை. அந்த ஒரு பேட்சைப் பற்றியும், அதன் பிறகு பேட்சுகளை நாங்கள் வைத்துக் காக்கும் முறை எப்படி மாறியது என்பதைப் பற்றியும் விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அந்தப் பேட்ச் சேர்ப்பது ஒரே ஒரு வரி. தொடுதிரையைக் கட்டுப்படுத்தும் சில்லை இயக்கும் நிரலான டிரைவரில், கருவி உறக்கத்திலிருந்து விழிக்கும்போது ஓடும் ரெஸ்யூம் ஃபங்ஷன் என்ற நிரல் பகுதிக்குள், சில்லுக்கு முதல் கட்டளையை எழுதுவதற்கு முன் 20 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்லும் வரி அது. அதே கோப்பில் சற்று மேலே, கருவி உறங்கப் போகும்போது ஓடும் சஸ்பெண்ட் ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. இரண்டிலும் முதலில், ஒரே நேரத்தில் இரண்டு பணிகள் உள்ளே நுழையாமல் தடுக்கும் பூட்டான மியூடெக்ஸைப் பூட்டும் வரி வரும். அதை அடுத்து, மின்நிலையைச் சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடமான பதிவேட்டில் எழுதும் அழைப்பு வரும். அந்த அழைப்பு நீளமானது என்பதால் இரண்டு வரிகளாக மடிக்கப்பட்டிருந்தது. முதல் வரி இரண்டு ஃபங்ஷன்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. எழுத வேண்டிய மதிப்பு மட்டும் மடித்த இரண்டாம் வரியில் வேறுபடும். 6.1 வரிசையில் ரெஸ்யூம் ஃபங்ஷனை ஒழுங்குபடுத்தியவர்கள், பூட்டும் வரிக்கும் எழுதும் வரிக்கும் நடுவே வேறு நான்கு வரிகளைச் சேர்த்திருந்தார்கள். சஸ்பெண்ட் ஃபங்ஷன் பழையபடியே இருந்தது.

பேட்ச் கோப்பில் மாறும் வரிகள் மட்டும் இருப்பதில்லை. அவற்றுக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று மாறாத சூழல் வரிகளும் இருக்கும். பேட்சை ஏற்றும் பழைய கட்டளையான பேட்ச், குறிப்பிட்ட வரி எண்ணில் அந்தச் சூழல் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்; இல்லையென்றால் கோப்பில் முன்னும் பின்னும் நகர்ந்து தேடும். எங்கும் கிடைக்காவிட்டால், சூழலின் வெளி ஓரத்து வரிகளில் ஒன்றைப் பொருட்படுத்தாமல் மறுபடி தேடும். அப்போதும் கிடைக்காவிட்டால் ஓரத்து வரிகளில் இரண்டைப் பொருட்படுத்தாமல் தேடும். இந்தத் தளர்வுக்கு ஃபஸ் என்று பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் உச்சவரம்பு 2. அதாவது, கடைசிக் கட்டத்தில் மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் பொருந்தினாலே போதும் என்று அந்தக் கட்டளை ஒப்புக்கொள்கிறது. எங்கள் பேட்சுக்கு மேலே இருந்த ஒரு வரி மியூடெக்ஸைப் பூட்டும் வரி. கீழே இருந்த ஒரு வரி அந்த அழைப்பின் முதல் வரி. ரெஸ்யூமில் இப்போது அவை அடுத்தடுத்து இல்லை. சஸ்பெண்டில் இருந்தன. காத்திருக்கும் வரி அங்கே போய்ச் சேர்ந்தது. 38 வரிகள் தள்ளி, ஃபஸ் 2 என்ற அளவில், ஹங்க், அதாவது பேட்சின் அந்தத் துண்டு, வெற்றிகரமாக ஏறியது என்று ஒரு செய்தி ஓடி மறைந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் தோல்வி என்ற சொல்லைக் கண்டால் மட்டுமே நிற்கும்படி எழுதப்பட்டிருந்தது.

அதன் பிறகு கருவி உறங்கப் போகும்போது தேவையில்லாமல் 20 மில்லி விநாடி காத்திருந்தது, விழிக்கும்போது காத்திருக்கவில்லை. எங்கள் சோதனை மேசையின் அறை வெப்பநிலையில் சில்லு விரைவாகவே விழித்துக்கொண்டதால் எந்தக் குறையும் தெரியவில்லை. குளிர்பதனக் கிடங்கில் கருவியை மாட்டியிருந்த வாடிக்கையாளரிடமிருந்துதான், காலையில் முதன்முறை தொடும்போது திரை அசையவில்லை என்ற புகார் வந்தது. நாங்கள் நான்கு நாட்கள் தேடினோம். முதலில் ரிப்பன் கேபிளைச் சந்தேகப்பட்டோம், பிறகு மின்வழங்கியைச் சந்தேகப்பட்டோம். ஐந்தாம் நாள் காலையில் உடன் பணிபுரியும் ஒருவர் பழைய கெர்னலின் டிரைவர் கோப்பையும் புதியதையும் அருகருகே திறந்து வைத்து வரிவரியாகப் படித்தபோது, வரி இடம் மாறியிருப்பது தெரிந்தது.

இடத்தைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. ஆனால் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, எங்களில் எவருக்குமே அந்த வரி எதற்காக இருக்கிறது என்று தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. கோப்பின் பெயர் 0017, அதன் பின்னால் டச் ஃபிக்ஸ் என்று இரண்டு சொற்கள். உள்ளே முன்னுரை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏன் 10 இல்லை, ஏன் 50 இல்லை? குறிப்பிட்ட நேரம் காத்திருப்பதற்குப் பதிலாகச் சில்லு தயாராகிவிட்டதா என்று கேட்டுப் பார்க்க முடியாதா? பழைய மின்னஞ்சல்களைத் துழாவியதில் ஒரு பதில் கிடைத்தது. குளிரில் சில்லு தன் உள் மென்பொருளை ஏற்றிக்கொள்ள 15 மில்லி விநாடி வரை ஆகலாம் என்றும், அதற்குள் வரும் கட்டளை எதற்கும் அது பதில் தராது என்றும், ஆகவே பாதுகாப்புக்காக 20 வைக்கலாம் என்றும் சில்லுத் தயாரிப்பாளரின் பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மூன்று வாக்கியங்கள் பேட்சுக்குள்ளேயே இருந்திருந்தால், முதல் நாள் மதியத்துக்குள் விடை கிடைத்திருக்கும். கோப்புறையில் கிடந்த மற்ற 42 பேட்சுகளில் பலவும் இதே நிலையில்தான் இருந்தன.

பேட்ச் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒட்டு என்பது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தோன்றியது. துளையிட்ட காகித நாடாவில் நிரல்களை வைத்திருந்த காலத்தில், தவறான பகுதியை வெட்டியோ மூடியோ அதன்மேல் நிஜமாகவே காகிதத் துண்டை ஒட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சொல்லும் டிஃப் கட்டளையை டக்ளஸ் மெக்கில்ராய் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1974இல் வெளிவந்த, யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெற்றது. அந்த வேறுபாட்டை எடுத்து மற்றொருவரின் கோப்பில் ஏற்றும் பேட்ச் கட்டளையை லாரி வால் 1985இல் வெளியிட்டார். பெர்ல் என்ற நிரல் மொழியை அவர் உருவாக்கியது அதற்குப் பிறகு, 1987இல். என்னைக் கெடுத்த அந்தத் தளர்வை நான் குறை சொல்ல மாட்டேன். பெறுபவரின் கோப்பு அனுப்புபவரின் கோப்பைப் போலவே இருக்கும் என்று நம்ப முடியாத உலகத்துக்காக அது செய்யப்பட்டது. முழு நிரலையும் அனுப்பத் தேவையின்றி, நாலு வரி மாற்றத்தை மட்டும் ஊர் உலகத்துக்கு அனுப்ப முடிந்ததே அந்தத் தளர்வால்தான். ஆனால் அந்தக் கட்டளைக்குத் தெரிந்தது சூழல் வரிகள் மட்டுமே. அந்த வரிகள் எங்கிருந்து வந்தன, இடைப்பட்ட காலத்தில் எங்கே நகர்ந்தன என்ற வரலாறு அதற்குத் தெரியாது.

அந்த வரலாற்றைத் தருவதுதான் பதிப்புக் கட்டுப்பாட்டின் வேலை. அதைச் செய்யும் கிட் என்ற மென்பொருள் பிறந்ததே பேட்சுகளை ஏற்றும் தேவையிலிருந்துதான். 2002 வரை லினக்ஸ் கெர்னலுக்கு வந்த மாற்றங்களை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மின்னஞ்சலில் பேட்சுகளாகப் பெற்றுத் தம் கையால் ஏற்றி வந்தார். பிறகு மூன்று ஆண்டுகள் பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதன் இலவச உரிமம் 2005இல் விலக்கிக்கொள்ளப்பட்டதும் ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7ஆம் தேதி கிட் தன் நிரலைத் தானே காக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவர் தமக்கு வைத்துக்கொண்ட அளவுகோல், ஒரு பேட்சை ஏற்ற மூன்று விநாடிக்குமேல் ஆகக் கூடாது என்பது. அந்த மாதம் 29ஆம் தேதி செய்த சோதனையில் விநாடிக்கு 6.7 பேட்சுகள் ஏறின. மின்னஞ்சல் பெட்டியிலிருந்து பேட்சுகளை ஏற்றும் கட்டளைக்கு கிட் ஏஎம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இதில் குழம்புகிறார்கள். கிட்டில் ஒரு கமிட் என்பது வேறுபாடு அன்று. அது திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் அந்த நேரத்தில் இருந்த முழு நிலை. அதை அதன் முந்தைய கமிட்டோடு ஒப்பிட்டு, நாம் கேட்கும்போது கிட் கணக்கிட்டுத் தருவதுதான் பேட்ச். ஆகவே கமிட்டாக வைத்திருக்கும் பேட்சுக்குத் தான் எந்த நிலத்தில் முளைத்தது என்பது தெரியும். புதிய கெர்னலின்மேல் அதை ரீபேஸ் செய்யும்போது, அதாவது பெயர்த்து நடும்போது, பழைய அடித்தளம், நம் மாற்றம், புதிய அடித்தளம் ஆகிய மூன்றையும் எதிரெதிரே வைத்து கிட் பார்க்கிறது. எங்கள் 0017 கமிட்டாக இருந்திருந்தால், நாங்கள் தொட்ட அதே இடத்தை மேலே, அதாவது மூலத் திட்டத்தில், இருப்பவர்களும் தொட்டிருக்கிறார்கள் என்பதைக் கண்டு, கான்ஃப்ளிக்ட் (மோதல்) என்று சொல்லி அது நின்றிருக்கும். கான்ஃப்ளிக்ட் வந்தாலே சலித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. நான்கு நாட்கள் தேடியலைந்த பிறகு, அது நின்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

எனவே கோப்புறையைக் கைவிட்டு, 43 பேட்சுகளையும் ஒரு கிட் கிளையில், அதாவது தனி வரலாற்று வரிசையில், கமிட்டுகளாக மாற்றினோம். இந்த வேலைக்கு ஆறு வாரங்கள் ஆயின. ஏற்றுவது கடினமாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவதுதான் காலத்தைத் தின்றது. கமிட் செய்தியில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்தப் பேட்ச் இல்லாவிட்டால் எந்தக் கருவியில், எந்தச் சூழ்நிலையில், என்ன கெடும்? இதை மேலே அனுப்பினோமா, அனுப்பினால் என்ன பதில் வந்தது, அனுப்பவில்லையென்றால் ஏன்? என்ன நடந்தால் இதை நீக்கிவிடலாம்? மூன்றாம் கேள்வியை நாங்களாகச் சேர்த்தோம். முதல் இரண்டும், லினக்ஸ் தொகுப்பு ஒன்றை வெளியிடும் டெபியன் திட்டத்தினர் தம் பேட்சுகளுக்கு வகுத்துக்கொண்ட டெப்-3 என்ற தலைப்பு முறையிலிருந்து வந்தவை. அங்கே விளக்கம், தோற்றுவாய், மேலே அனுப்பப்பட்டதா, கடைசியாகத் திருத்திய தேதி என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. மேலே அனுப்பத் தேவையில்லை என்பதையும் வெளிப்படையாக எழுத அதில் இடம் இருக்கிறது. எழுதாமல் விடுவதும் தேவையில்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல என்பதை அந்த முறையை வகுத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

கமிட்டின் தலைப்பு வரிக்கு ஆண்ட்ராய்டு கெர்னலின் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒவ்வொரு பேட்சின் தலைப்பும் ஒரு முன்னொட்டோடு தொடங்கும். மூலக் கெர்னலில் ஏற்கெனவே இருப்பதை மாற்றமின்றி எடுத்ததற்கு அப்ஸ்ட்ரீம், எடுத்து நமக்கேற்பத் திருத்தியதற்கு பேக்போர்ட், பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்டு இன்னும் முதன்மைக் கிளைக்கு வராததற்கு ஃப்ரம்கிட், விவாதத்தில் மட்டும் இருப்பதற்கு ஃப்ரம்லிஸ்ட், தங்களுக்கே உரியதற்கு ஆண்ட்ராய்டு. கடைசியில் இருப்பதற்கு மட்டும் எங்கள் கருவியின் பெயரை வைத்தோம். இந்த ஐந்து சொற்கள் செய்த உதவி பெரிது. எந்தப் பேட்ச் அடுத்த பதிப்பில் தானாகக் கழன்றுவிடும், எதை நாங்களே சுமக்க வேண்டும் என்பதைத் தலைப்புகளின் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே சொல்லிவிட முடிந்தது. மூலத்திலிருந்து எடுத்தவற்றில், ஒரு கமிட்டை மட்டும் எடுத்து ஏற்றும் கிட் செர்ரி-பிக் கட்டளைக்கு எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்து, எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தோம் என்ற வரியும் பதிவாகும்படி பார்த்துக்கொண்டோம்.

மெர்ஜா, ரீபேஸா என்ற வாதம் எங்கள் குழுவில் பல நாள் நடந்தது. புதிய கெர்னலை எங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்தால், அதாவது கலந்தால், வரலாறு மாறாது, எல்லோருக்கும் எளிது. ஆனால் இரண்டு மூன்று மெர்ஜுகளுக்குப் பிறகு எங்கள் மாற்றங்கள் ஆயிரக்கணக்கான கமிட்டுகளுக்கு நடுவே எங்கெங்கோ புதைந்துவிடும். கான்ஃப்ளிக்டைத் தீர்க்கும்போது செய்த திருத்தம் மெர்ஜ் கமிட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். 0017 இப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒரே பேட்சாக எடுத்துக்காட்ட முடியாது. நான் ரீபேஸ் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். அடியில் கெர்னலின் வெளியீட்டைக் குறிக்கும் டேக் என்ற அடையாளம், அதன்மேல் எங்கள் பேட்சுகள் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். ரீபேஸ் வரலாற்றைத் திருத்தி எழுதுவதால் மற்றவர்களின் நகல் குலைந்துபோகும் என்ற எதிர்வாதம் உண்மையானதே. அதற்காக ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் புதிய பெயரில் புதிய கிளை தொடங்குகிறோம். வாடிக்கையாளருக்குப் போன ஒவ்வொரு கட்டமைப்புக்கும் டேக் போடுகிறோம். வெளியாகிவிட்ட கிளையின்மேல் எவரும் ஃபோர்ஸ் புஷ் செய்து பழைய வரலாற்றை மேலெழுத முடியாதபடி சர்வரிலேயே தடுத்திருக்கிறோம்.

ரீபேஸ் முடிந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, கிட் ரேஞ்ச்-டிஃப் ஓட்டுவது. 2018இல் வெளிவந்த 2.19 பதிப்பிலிருந்து இது கிட்டோடு வருகிறது. பழைய பேட்ச் வரிசையையும் புதிய பேட்ச் வரிசையையும் ஒன்றுக்கு ஒன்று இணைசேர்த்து, ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வரி என்று இது காட்டும். இடையில் சமக்குறி இருந்தால் பேட்ச் மாறவில்லை. வியப்புக்குறி இருந்தால் மாறியிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே, பேட்சுக்குள் என்ன மாறியது என்பதை, வேறுபாட்டின் வேறுபாடாக, அது விரித்துக் காட்டும். இடப்பக்கம் நோக்கிய கூர்முனைக் குறி இருந்தால் பழைய வரிசையில் இருந்த பேட்ச் புதியதில் இல்லை. வலப்பக்கம் நோக்கியிருந்தால் அது புதிதாக வந்தது. முன்பு 43 பேட்சுகளையும் சரிபார்க்க ஒருவருக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது சமக்குறி இருப்பவற்றை விட்டுவிட்டு, வியப்புக்குறி இருக்கும் எட்டு, பத்துப் பேட்சுகளை இரண்டு பேர் உட்கார்ந்து படிக்கிறோம். எங்கள் 0017 அன்றைக்கு இந்தக் கண்ணில் பட்டிருந்தால், ஹங்கின் தலைப்பு வரியில் ரெஸ்யூம் என்ற ஃபங்ஷன் பெயர் சஸ்பெண்ட் என்று மாறியிருப்பதை வியப்புக்குறியோடு காட்டியிருக்கும்.

சமக்குறி இருப்பதால் மட்டும் பேட்ச் சரியாக வேலை செய்யும் என்று ஆகிவிடாது. அழைக்கப்படும் ஃபங்ஷனின் பொருளையே மேலே இருப்பவர்கள் மாற்றியிருக்கலாம். அதற்காக, ரீபேஸ் கட்டளைக்கு எக்ஸெக் விருப்பத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பேட்ச் ஏறியதும் கெர்னலைக் கம்பைல் செய்ய வைக்கிறோம். வரிசையின் நடுவில் எங்கு நிறுத்தினாலும் கம்பைல் ஆகிற கெர்னல் கிடைத்தால்தான், பின்னாளில் பைசெக்ட் செய்து, அதாவது வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, குறைக்குக் காரணமான பேட்சைப் பிடிக்க முடியும். ஒருமுறை தீர்த்த கான்ஃப்ளிக்டை நினைவில் வைத்து மறுமுறை தானே தீர்க்கும் ரிரேர் வசதியையும் பயன்படுத்துகிறோம். ஆனால் தவறாகத் தீர்த்திருந்தால் அந்தத் தவற்றையும் அது விசுவாசமாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், அது தீர்த்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கமிட் செய்யக் கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு.

கருவிகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டாலும், நம்மிடமே வைத்துக்கொள்ளும் பேட்சின் பெரிய ஆபத்து கருவியால் வருவதன்று. அந்த நிரலை நன்கு அறிந்தவர்களின் பார்வை அதன்மேல் முழுமையாகப் படாமலே அது ஓடிக்கொண்டிருக்கும். டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் தொகுப்பில் நடந்தது இதற்கு மிகக் கசப்பான சான்று. நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி எச்சரிக்கை தந்தது என்பதற்காக, 2006இல் இரண்டு வரிகள் டெபியனின் பேட்சில் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று, ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைச் சேர்க்கும் வரி. அது போனதும், எஞ்சிய ஒரே மாறுபாடு நிரல் ஓடும்போது கிடைக்கும் பிராசஸ் எண் மட்டுமே. அதற்கு இருந்த வாய்ப்புகள் ஏறத்தாழ 32,000. 2008 மே 13ஆம் தேதி இது வெளியில் தெரியும்வரை, டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் உருவாக்கிய சாவிகள் யாரும் ஊகிக்கக் கூடியவையாக இருந்தன. அந்தப் பேட்ச் சரியான இடத்தில்தான் ஏறியிருந்தது, அதை எழுதியவரிடம் ஒரு காரணமும் இருந்தது, செய்வதற்கு முன்னால் அவர் மூலத் திட்டத்தினரிடம் கேட்டும் இருந்தார். ஆனால் மாற்றம் முழு வடிவில், மூலத் திட்டத்துக்கான பேட்சாக, அந்த நிரலை எழுதியவர்களின் முன்னால் வைத்து ஆராயப்படவில்லை.

பாசனத்தில் தலைமடை, கடைமடை என்கிறோம். மூலத் திட்டம் தலைமடை, நாங்கள் கடைமடை. தலைமடையில் திறந்துவிட்டது காலப்போக்கில் எங்களுக்குத் தானாக வந்து சேரும். எங்கள் வயலில் நாங்கள் செய்தது தானாக மேலே ஏறாது. மேலே ஏற்றாத ஒவ்வொரு பேட்சுக்கும் ஆண்டுதோறும் உழைப்பைக் கட்டணமாகச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கெர்னலை நிகழ்நேரப் பணிகளுக்கு ஏற்றதாக்கும் பிரீம்ப்ட்-ஆர்டி பேட்சுகளை இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலானோர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே, ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பித்துப் புதுப்பித்துச் சுமந்தார்கள். துண்டு துண்டாக அதன் பகுதிகள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. இன்று கெர்னல் எழுதுபவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் எஃப்ட்ரேஸ் போன்றவை அந்த முயற்சியின் வழியாக வந்தவை. செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கே பகுதியைச் சீர்செய்யும் வேலை கடைசித் தடையாக நின்றது. 2024 செப்டம்பரில் அது நீங்கி, நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் முழுமையாகச் சேர்ந்தது. அவ்வளவு ஆற்றல் வாய்ந்தவர்களுக்கே இவ்வளவு காலமும் சுமையும் தேவைப்பட்டன என்பதைப் படித்தபோது, எங்கள் சிறிய குழு 43 பேட்சுகளைச் சுமப்பதில் எந்த நியாயமும் இல்லை என்று எனக்கு உறுதியாயிற்று.

வெளியான கெர்னல் பதிப்புகளுக்குத் திருத்தங்களைத் தரும் ஸ்டேபிள் வரிசைக்கும் ஒரு கண்டிப்பான விதி உண்டு. முதன்மைக் கெர்னலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட திருத்தமோ அதற்கு இணையானதோ மட்டுமே அங்கே இறங்கும். சூழல் வரிகளோடு சேர்த்து 100 வரிக்குமேல் போகக் கூடாது என்றும் அந்த விதிப்பட்டியல் சொல்கிறது. முதலில் மேலே, பிறகே கீழே. எனவே எங்கள் பேட்சுகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை ஒவ்வொன்றாகத் தலைமடைக்கு அனுப்பத் தொடங்கினோம். முதலில் அனுப்பியது 0017. காரணம் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்த பேட்ச் அதுவே.

முதல் பதிப்புக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. விழிக்கும் ஒவ்வொரு முறையும் 20 மில்லி விநாடியை எல்லாக் கருவிகளின்மேலும் சுமத்துவானேன், சில்லு தயாராகிவிட்டதைக் காட்டும் பதிவேடு ஏதும் இல்லையா என்று பராமரிப்பாளர் கேட்டிருந்தார். அதே கேள்வியைத்தான் நாங்களும் எங்களுக்குள் கேட்டு, பதில் தேடாமல் விட்டிருந்தோம். சில்லின் விவரக் கையேடான டேட்டாஷீட்டை மறுபடி படித்ததில், நிலையைச் சொல்லும் ஒரு பிட் இருப்பது தெரிந்தது. உள் மென்பொருள் ஏறி முடிந்ததும் அது 1 ஆகும். இரண்டாம் பதிப்பில், அந்தப் பிட்டை ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை பார்த்து, 20 மில்லி விநாடி கடந்தும் மாறாவிட்டால் பிழை காட்டும்படி எழுதினேன். முதல் பதிப்புக்கும் இரண்டாவதுக்கும் என்ன வேறுபாடு என்பதை, கமிட் செய்தியோடு கலந்துவிடாதபடி, மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதினேன். அங்கே எழுதுவது படிப்பவருக்குப் போகும், கிட் வரலாற்றில் நிற்காது. பிழை நேரும்போது மியூடெக்ஸைத் திறக்காமல் வெளியேறும் ஒரு பாதை அதில் இருப்பதை மற்றொருவர் சுட்டிக்காட்டினார். மூன்றாம் பதிப்பு ஏற்கப்பட்டது. எந்தக் கமிட்டில் குறை தோன்றியது என்பதைச் சொல்லும் ஃபிக்ஸஸ் வரியோடும், ஸ்டேபிள் வரிசைக்கும் வேண்டும் என்ற குறிப்போடும் அது முதன்மைக் கெர்னலுக்குள் போனது.

ஒரே மாதிரியான பேட்ச் மேலே சேர்ந்துவிட்டால், ரீபேஸ் செய்யும்போது கிட் தானே அதைக் கண்டுகொண்டு தவிர்த்துவிடும். வரி எண்களையும் இடைவெளிகளையும் பொருட்படுத்தாமல் பேட்சின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்ணைக் கொண்டு அது இதைச் செய்கிறது. எங்கள் வரிசையில் இருந்ததோ காத்திருக்கும் ஒற்றை வரி. மேலே சேர்ந்ததோ வேறு வடிவம். ஆகவே அடுத்த ரீபேஸில் கான்ஃப்ளிக்ட் வந்தது. கமிட் செய்தியில் மூன்றாம் கேள்விக்கு நாங்கள் எழுதியிருந்த விடையைப் படித்தேன்: விழிக்கும்போது சில்லு தயாராகும்வரை டிரைவரே காத்திருக்கும் நிலை வந்தால் இதை நீக்கலாம். கிட் ரீபேஸுக்கு ஸ்கிப், அதாவது இந்தப் பேட்சைத் தவிர், என்று பதில் கொடுத்தேன். கருவியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து 200 முறை உறங்க வைத்து எழுப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் திரை தொடுதலுக்குப் பதில் தந்தது. அன்று மாலை ஓட்டிய ரேஞ்ச்-டிஃபில் பதினேழாம் பேட்சுக்கு எதிரே இடப்பக்கம் நோக்கிய கூர்முனைக் குறி நின்றது. அதன் கீழே இன்னும் 26 பேட்சுகள் இருந்தன. அவற்றில் அடுத்து எதை அனுப்புவது என்று பார்க்கப் பதினெட்டாவதைத் திறந்தேன்.